நீங்க யார் பக்கம் சார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், பணி ஓய்வு பெற்ற அரசு உதவி வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நின்றுகொண்டு பேசுவது எனக்குத் தொழில். இருபத்தேழு வருஷம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். ஆனால் எதிரே 'அப்ஜெக்ஷன்' சொல்ல ஒருவரும் இல்லாமல் பேசுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. 1977-இல் இந்தக் கல்லூரியில் சரித்திரம் படித்து முடித்துப் போனேன். அன்று பேச்சுப் போட்டி நடந்ததும் இதே ஹாலில்தான். எனக்கு மூன்றாம் பரிசு. பேசியவர்கள் மூன்று பேர்!

செயலாளர் போன் செய்து, "உங்க வேலையைப் பத்திப் பேசுங்க, பசங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். பசங்களுக்கு மட்டுமா? என் மாமனாருக்கே கடைசிவரை விளங்கவில்லை. "மாப்பிள்ளை கவர்ன்மெண்ட் வக்கீல்" என்று ஊரெல்லாம் சொல்லுவார். அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு பத்திரம் பதியணும் மாப்பிள்ளே" என்பார்.

அதனால் முதலில் கொஞ்சம் விவரம். யாரோ ஒருவன் உங்களை அடித்துவிட்டான், போலீசில் எழுதிக் கொடுக்கிறீர்கள். அதன்பிறகு அது உங்கள் வழக்கு இல்லை. அரசாங்கத்தின் வழக்கு. உங்களுக்குப் பதிலாக அரசாங்கம் கோர்ட்டில் நிற்கிறது. அப்படி நிற்கிற ஆள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசு உதவி வழக்கறிஞர், சுருக்கமாக ஏ.பி.பி. கொலை, கொள்ளை மாதிரிப் பெரிய வழக்குகள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். அங்கே நிற்பவர் பப்ளிக் பிராசிக்யூட்டர். அவர் பெரும்பாலும் வெளியே தொழில் செய்யும் வக்கீல்களிலிருந்து நியமிக்கப்படுபவர். ஏ.பி.பி. என்பவர் பரீட்சை எழுதி வந்த அரசு ஊழியர். நான் இந்த இரண்டாவது ஜாதி.

ஒரு காலத்தில் கீழ்க்கோர்ட்டுகளில் பல இடங்களில் போலீஸ் அதிகாரியே எழுந்து நின்று வழக்கு நடத்துவார். பிடித்தவரும் அவர் இலாகா, வாதாடுபவரும் அவர் இலாகா. இது சரியில்லை, வழக்கு நடத்தத் தனி இலாகா வேண்டும் என்று 1958-லேயே சட்டக் கமிஷன் சொல்லிவிட்டது. 1974 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், விசாரணையில் பங்கெடுத்த போலீஸ் அதிகாரி அதே வழக்கில் அரசு வக்கீலாக நிற்கவே கூடாது என்றது. அப்படியும் பழக்கம் போகவில்லை. 1995-இல் மகாராஷ்டிரத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், அரசு வக்கீல்களைப் போலீஸ் இலாகாவின் கட்டுப்பாட்டிலிருந்து பிரித்து வையுங்கள் என்று உத்தரவே போட வேண்டியிருந்தது.

ஏன் இவ்வளவு பாடு? போலீஸ்காரர் வேலை ஆளைக் கண்டுபிடிப்பது. அரசு வக்கீல் வேலை, கண்டுபிடித்தது சரிதானா என்பதைக் கோர்ட் பார்ப்பதற்கு வழி செய்வது. இரண்டும் ஒன்றில்லை. இதைப் புத்தகத்தில் படித்துப் பாஸ் பண்ணிவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். ஆனால் புரிந்தது இரண்டு வழக்குகளில் அடிபட்ட பிறகுதான்.

முதல் வழக்கு 1989-இல். தென் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். ஊர் பெயர் வேண்டாம். 'ஆபீஸ்' என்றால் கோர்ட் வராந்தா ஓரத்தில் ஒரு அறை, ஒரு மேஜை, கதவு மூடாத ஒரு பீரோ, உதவிக்கு ஒரு கோர்ட் ஏட்டு. காலையில் பத்தேகாலுக்கு நாற்பது கட்டு மேஜைமேல் வந்து விழும். வாய்தா கேட்கிறவை போக, நிஜமாக விசாரணை நடப்பது மூன்றோ நாலோ. மத்தியானம் பக்கத்து ஊர்க் கோர்ட்டையும் சேர்த்து நானே பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கே ஏ.பி.பி. போஸ்ட் காலி.

ஒரு பள்ளிக்கூட வாசலில் வேன் ஏறி ஏழு வயசுப் பையன் இறந்து போனான். அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் விளைவித்த வழக்கு. வேனில் பிரேக் கோளாறு எதுவும் இல்லை என்று மோட்டார் வாகன ஆய்வாளர் சர்டிபிகேட் இருந்தது. டாக்டர் ரிப்போர்ட் இருந்தது. ஆனால் வேன் எப்படி வந்தது, எந்தப் பக்கம் வந்தது என்று கண்ணால் பார்த்தவர் ஒரே ஒரு ஆள்தான். வாசலில் மாங்காய்க் கீற்று, நெல்லிக்காய் விற்கிற ஒரு பாட்டி.

அந்தப் பாட்டிக்கு ஆறு தடவை சம்மன் போனது. ஆறு தடவையும் வந்தது. ஒருநாள் மாஜிஸ்திரேட் லீவு. ஒருநாள் வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு. ஒருநாள் எதிரி ஆஜராகவில்லை. ஒருநாள் நானே பக்கத்து ஊரில் மாட்டிக்கொண்டேன். மற்ற இரண்டு நாள் எதற்காகத் தள்ளிப்போனது என்று இப்போது ஞாபகம்கூட இல்லை. சாட்சி வந்து நிற்கும்போது தக்க காரணம் எழுதாமல் தள்ளிவைக்கக் கூடாது என்பது அன்றைக்கும் சட்டம்தான், 309-ஆவது பிரிவு. நான் ஒருநாளாவது எழுந்து அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. சாட்சிக்குப் பேட்டா, பஸ் செலவு தரலாம் என்று 312-ஆவது பிரிவு இருந்தது. அதையும் கேட்கவில்லை.

ஏழாவது தடவை பாட்டி கூண்டில் ஏறியது. "வேன் வந்ததைப் பார்த்தீர்களா?" என்றேன். "நான் பாக்கல சாமி. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்" என்றது.

அவ்வளவுதான். பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லி, அனுமதி வாங்கி, நானே குறுக்கு விசாரணை செய்தேன். "போலீஸ் விசாரணையில் பார்த்ததாகச் சொன்னீர்களே?" "சொல்லலை." மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போலீசார் எழுதிக்கொள்கிற வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. அது சாட்சியமும் இல்லை. முரண்பாட்டைக் காட்ட மட்டும் உதவும். கூண்டில் நின்று சொல்வதுதான் சாட்சியம். வழக்கு விடுதலையில் முடிந்தது.

அன்று சாயங்காலம் பாட்டி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது. கோபத்தோடுதான் போனேன். "ஏன் பாட்டிம்மா இப்படிப் பண்ணீங்க? குழந்தை செத்திருக்கே" என்றேன். பாட்டி நிமிர்ந்து பார்த்தது. "ஏழு தடவை வந்தேன் சாமி. ஒவ்வொரு தடவையும் ஒருநாள் யாவாரம் போச்சு. வேன்காரர் வூட்டு ஆளுதான் டீ வாங்கிக் குடுத்துச்சு. பஸ்சுக்கும் காசு குடுத்துச்சு. நீங்க என் பேரைக் கேட்டதே இன்னைக்குக் கூண்டுலதான்" என்றது.

பாட்டி செய்தது தப்பு. சந்தேகமில்லை. பொய்ச் சாட்சி பொய்ச் சாட்சிதான். ஆனால் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. எதிர்த்தரப்பு அந்த அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தது. அரசாங்கத்தின் தரப்பு உட்கார ஒரு பெஞ்சுகூடப் போடவில்லை. பையனின் அப்பா தையற்காரர். கோர்ட் வாசலில் நின்று, "அவ்வளவுதானா சார்?" என்று கேட்டார். அவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. பஸ்சுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் என் வீட்டிலிருந்து ஒரு பெஞ்சைக் கொண்டுபோய் வராந்தாவில் போட்டேன். அதற்கும் ஒரு ஆட்சேபணை வந்தது, 'அரசுக் கட்டடத்தில் தனியார் சாமான்' என்று! அதை விடுங்கள். காலையில் சாட்சிகளைக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினேன். சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு, அது குற்றம். நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: எங்கே நிற்க வேண்டும், யார் எங்கே உட்கார்ந்திருப்பார்கள், எதிர் வக்கீல் சத்தம் போட்டால் பயப்படாதீர்கள், ஞாபகம் இல்லையென்றால் 'ஞாபகம் இல்லை' என்று சொல்லலாம். இந்தக் கடைசி விஷயம் தெரியாமல்தான் பாதிப்பேர் உளறுகிறார்கள். கோர்ட்டில் 'தெரியாது' என்று சொன்னால் ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

பதினோரு வருஷம் கழித்து, 2000-இல், பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தேன். சாட்சிகளை மறுபடி மறுபடி வரவழைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள், உட்கார இடமில்லை, செலவுப் பணம் கொடுப்பதில்லை, அப்புறம் ஏன் அவர்கள் பிறழமாட்டார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார்கள். என் பாட்டி எனக்கு பஸ் ஸ்டாண்டிலேயே சொன்ன தீர்ப்புதான்.

இரண்டாவது வழக்கை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்கே தெரியாது.

1991. ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து கரண்டு மோட்டார் திருட்டுப் போனது. பத்தொன்பது வயசுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். 14-ஆம் தேதி காலையில் கைது, அவன் சொன்னதன் பேரில் வாய்க்கால் கரை முள்ளுப் புதரிலிருந்து மோட்டாரை எடுத்தோம், இதோ மகஜர், இதோ இரண்டு சாட்சிக் கையெழுத்து என்று வழக்கு. எதிரி காட்டிக் கொடுத்து எடுத்த பொருள் என்றால் அந்த அளவுக்கு அவன் வாக்குமூலம் சாட்சியத்தில் ஏறும். வழக்குக்கு அதுதான் முதுகெலும்பு.

வாதத்துக்கு முதல் நாள் ராத்திரி கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கைப்பற்றிய பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும்போது போலீசார் ஒரு படிவம் அனுப்புவார்கள், படிவம் 95 என்போம். அதில் மோட்டார் கைப்பற்றிய தேதி 13 என்று இருந்தது. அதாவது பையனைக் கைது செய்வதற்கு முதல் நாளே மோட்டார் ஸ்டேஷனில் இருந்திருக்கிறது. அப்படியானால் 14-ஆம் தேதி அவன் எதைக் காட்டிக் கொடுத்தான்?

எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம். ரைட்டர் தூக்கக் கலக்கத்தில் தேதி மாற்றிப் போட்டிருக்கலாம். இருக்கட்டும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மாஜிஸ்திரேட், நான் இல்லை. பையனுக்கு இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் புதுசு, அந்தப் படிவத்தைப் பார்க்கவே இல்லை. மறுநாள் நான் எழுந்தேன், மகஜரைப் பற்றிப் பேசினேன், படிவத்தைப் பற்றிப் பேசவில்லை. 'அதைப் பார்ப்பது எதிர் வக்கீல் வேலை, எனக்கென்ன' என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பையனுக்கு ஒரு வருஷம் கடுங்காவல்.

அப்பீல் போட்டார்கள். ஜாமீன் உத்தரவும் கிடைத்தது. ஆனால் சொத்துள்ள ஜாமீன்தாரர் இரண்டு பேர் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. ஐந்து மாதம் உள்ளே இருந்தான். செஷன்ஸ் கோர்ட்டில் அனுபவமுள்ள வக்கீல் ஒருவர் கட்டைப் பிரித்தார், படிவம் 95-ஐ எடுத்தார், வழக்கு முடிந்தது. விடுதலை. தீர்ப்பு நகலை வாங்கிப் படித்தேன். இந்த முரண்பாட்டை இரு தரப்பு வழக்கறிஞர்களுமே கவனிக்கத் தவறிவிட்டார்கள் என்கிற கருத்தில் ஜட்ஜ் எழுதியிருந்தார்.

கவனிக்கத் தவறவில்லை. கவனித்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஜட்ஜ் பெரிய மனசு பண்ணி எழுதிய அந்த வரி, நேராகத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

எட்டு வருஷம் கழித்து, 1999-இல், சிவகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அரசு வக்கீலின் வேலை அல்ல. எதிரிக்குச் சட்டப்படி சேர வேண்டிய அனுகூலம் ஏதாவது இருந்தால் அதை மறைக்கக் கூடாது, எதிர் வக்கீல் பார்க்கத் தவறினாலும் அரசு வக்கீல் அதைக் கோர்ட்டின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. 1991-இல் இந்தத் தீர்ப்பு இல்லை. ஆனால் எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொன்னால் அது பொய். தெரியும்.

1996-இல் ஒரு அடிதடி வழக்கு. புகாரில் ஐந்து பேர் பெயர். அண்ணன் தம்பி, அவர்கள் சித்தப்பா, சித்தப்பா மகன்கள் இரண்டு பேர். எல்லாரும் கம்பால் அடித்ததாக எழுதியிருந்தது. காயம்பட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்தவுடன் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதியிருந்தது, 'தெரிந்த நபர்கள் இருவர் தாக்கியதாகக் கூறினார்'. கிரிமினல் கோர்ட்டில் பழகினவர்களுக்கு இது புதுசு இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு பேர், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பங்காளிப் பகை நினைவுக்கு வந்து ஐந்து பேர்!

இந்தத் தடவை நானே எழுந்து சொன்னேன். டாக்டரை விசாரிக்கும்போதே அந்தப் பதிவைப் படிக்க வைத்தேன். வாதத்திலும், "முதல் இருவர் மீது மட்டுமே வலியுறுத்துகிறேன், மற்ற மூவரைப் பற்றி ஆவணம் இப்படி இருக்கிறது" என்றேன். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தார். மூன்று பேர் விடுதலை, இரண்டு பேருக்குத் தண்டனை. அப்பீலிலும் அந்தத் தண்டனை நின்றது. மூடி மறைத்திருந்தால் ஐந்து பேருமே வெளியே போயிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

வெளியே வந்ததும் விசாரணை அதிகாரி, நல்ல மனுஷர், நல்ல உழைப்பாளி, ராத்திரி பகலாக அலைந்தவர், முகம் சிவந்து என்னிடம் கேட்டார்: "நீங்க யார் பக்கம் சார்?"

அந்தக் கேள்வி அதற்கப்புறம் பல வாயிலிருந்து வந்தது. காயம்பட்டவர் கேட்டார். ஆளுங்கட்சிக்காரர்கள், எந்தக் கட்சி ஆண்டாலும், 'வழக்கை வாபஸ் வாங்குங்க' என்று வந்தபோது கேட்டார்கள். வாபஸ் அதிகாரம் அரசு வக்கீலுக்கு உண்டு, கோர்ட் சம்மதத்தோடு. ஆனால் மேலிருந்து வந்த காகிதத்துக்குத் தபால்காரனாக இருந்தால் போதாது, கட்டைப் படித்துத் தானே யோசித்திருக்க வேண்டும். நான் ஒரு வாபஸ் மனுவில் கையெழுத்துப் போட மறுத்தேன். மூன்று மாதத்தில் நானூறு கிலோமீட்டர் தள்ளி மாறுதல். அந்த ஊரில் மீன் குழம்பு நன்றாக இருக்கும், அதனால் பெரிய நஷ்டமில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பழைய நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பெயரை வாயில் நுழைக்க எனக்கே ஒரு வாரம் ஆனது. அதில் வழக்கை வாபஸ் வாங்குமுன் பாதிக்கப்பட்டவர் சொல்வதைக் கோர்ட் கேட்டாக வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள், அது நல்ல காரியம். வாய்தாவுக்கும் வரம்பு கட்டியிருக்கிறார்கள். 2012-இன் போக்சோ சட்டப்படி, குழந்தையிடம் வக்கீல்கள் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது, ஜட்ஜ் வழியாகத்தான் கேட்க வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில், மாவட்ட ஜட்ஜ் தலைமையிலான குழுவுக்கு உறுப்பினர்-செயலாளராக இருப்பவர் அந்த மாவட்ட அரசு வழக்குத் தொடர்வின் தலைவர். மிரட்டல் வருகிற சாட்சி மனுப் போட இடம் இருக்கிறது. என் பாட்டிக்கு யாரும் கத்தியைக் காட்டவில்லை. டீதான் கொடுத்தார்கள். டீக்கு எதிராகத் திட்டம் கிடையாது.

முன்னாள் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம்மில் பலர் இன்று கடை, பாக்டரி, பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள். போலீசார் வந்து, "சார், மகஜர்ல ஒரு கையெழுத்து" என்பார்கள். 'கோர்ட் படி ஏறாத குடும்பம் எங்களுது' என்று ஓடாதீர்கள். அதே சமயம் வெற்றுத் தாளிலும் போடாதீர்கள். படித்துப் பாருங்கள். கண்ணால் பார்த்ததற்கு மட்டும் போடுங்கள். கையெழுத்துக்குக் கீழே தேதியும் நேரமும் நீங்களே எழுதுங்கள். தேதி என்றால் என்ன என்று ஐந்து மாதம் ஜெயிலில் இருந்த ஒரு பையனுக்குத் தெரியும்.

2014-இல் ஓய்வு பெற்றேன். 2019-இல் எனக்கே சம்மன் வந்தது! எங்கள் தெரு முனையில் பைக்கும் ஆட்டோவும் மோதியதை, பால் வாங்கப் போன நான் பார்த்துத் தொலைத்தேன். முதல் தடவை போனேன், நாலு மணிவரை வராந்தாவில் நின்றேன், தள்ளிவைத்தார்கள். முட்டி வலி. மனைவி, "உங்களுக்கு வேணும்" என்றாள்.

இரண்டாவது தடவை போனபோது, கறுப்புக் கோட்டோடு ஒரு சின்னப் பெண் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதுதான் ஏ.பி.பி. நான் யார் என்று அதற்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. "ஐயா, உங்க பேர் என்ன? இப்படி உக்காருங்க. இன்னைக்கு உங்களை விசாரிச்சிட்டுத்தான் அனுப்புவேன். கேள்வி புரியலேன்னா திருப்பிக் கேளுங்க, ஞாபகம் இல்லேன்னா இல்லைன்னு சொல்லுங்க" என்றது.

கூண்டில் ஏறினேன். கை நடுங்கியது. இருபத்தேழு வருஷம் எதிரில் நின்று பார்த்த கூண்டுதான், உள்ளேயிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. எதிர் வக்கீல், "ஆட்டோ எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தது?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். "பைக்காரர் ஹெல்மெட் போட்டிருந்தாரா?" "போடவில்லை." அது பைக்காரருக்குப் பாதகமான பதில். அந்தப் பெண் முகத்தைப் பார்த்தேன். கட்டில் ஏதோ குறித்துக்கொண்டது, முகம் சுளிக்கவில்லை.

வெளியே வந்ததும் ஏட்டு ஒரு தாளை நீட்டினார். "சாட்சி பேட்டா சார். இங்க ஒரு கையெழுத்து." வாங்கிக்கொண்டேன். தேதியும் போட்டேன்.